புயல் கரையை கடந்துடுச்சுன்னு சொன்னாங்க, எங்க ஊருக்கு அதுக்கு அப்புறம் தான் வந்துச்சு

எங்க ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஊத்தங்கரைக்கும் சிங்காரப்பேட்டைக்கும் நடுவுல இருக்கு. கடல் பாக்கணும்னா நாங்க பாண்டிச்சேரிக்கு தான் போவோம், கிருஷ்ணகிரியில இருந்து வர்ற பஸ் எங்க ரோட்டு மேலயே போகும், செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம்னு தாண்டி போனா பாண்டி, நூத்தம்பது கிலோமீட்டருக்கு மேல வரும். சின்ன வயசுல வருசத்துக்கு ஒரு தடவை போனா பெருசு. அதனால கடல்னா எங்களுக்கு டூர் போற எடம், புயல்னா டிவியில பாக்கற விஷயம், அவ்ளோ தான். "புயலா, அது மெட்ராஸ்காரனுக்கு, கடலூர்காரனுக்கு, நமக்கு என்ன"ன்னு தான் எங்க ஊர்ல எல்லாரும் பேசுவாங்க, நானும் அப்படி தான் பேசிட்டு இருந்தேன். 2024 டிசம்பர் 2ஆம் தேதி காலையில வரைக்கும்.

இத ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சிட்டே இருந்தேன். இப்ப மழை சீசன் நெருங்குது, திரும்பவும் டிவியில வட்டம் வட்டமா படம் போட ஆரம்பிச்சிடுவாங்க, அதுக்குள்ள எங்க மாவட்டத்துக்காரங்க நாலு பேராவது படிக்கட்டும்னு உக்காந்து எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கத்துல கரையை கடந்தது நவம்பர் 30, சனிக்கிழமை ராத்திரி. நான் ஓசூர்ல கம்பெனி வேலை, சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு வந்துட்டேன். அப்ப எங்க களத்துல கேவுரு (ராகி) கதிர் அறுத்து போர் போட்டு வச்சிருந்தோம், அடிக்கிறதுக்கு ஆள் கெடைக்காம ஒரு வாரமா அப்படியே கெடந்துச்சு, மேல தார்ப்பாய் போட்டு சுத்தி கயிறு இழுத்து கட்டி வச்சிருந்தாரு அப்பா. ஞாயித்துக்கிழமை காலையில டிவிய போட்டா "புயல் கரையை கடந்தது"ன்னு பெருசா ஓடுது. எங்க ஊர்ல லேசா தூறல், மேகமூட்டம், காத்து கூட பெருசா இல்ல. அப்பா கேட்டாரு, "என்னடா, போயிடுச்சா?" நான் தான் சொன்னேன், "கடந்துடுச்சுப்பா, இனி ஒண்ணும் இல்ல, தார்ப்பாய எடுத்துடு, உள்ள புழுங்கிட்டு கெடக்கும்." அவரும் எடுத்துட்டாரு. மத்தியானம் ரெண்டு பேருமா சேந்து மேல இருந்த கதிர கொஞ்சம் புரட்டி விட்டோம்.

சாயங்காலம் ஆரம்பிச்ச மழை. ராத்திரி முழுக்க நிக்கல. பெருசா இடி கூட இல்ல, காத்து கூட இல்ல, நேர் மழை, ஓட்டு மேல ஒரே சத்தமா ஊத்திட்டே இருந்துச்சு, பத்து மணிக்கு மேல தார்ப்பாய எடுத்துட்டு போகலாம்னு வாசல எட்டி பாத்தா களத்துக்கும் வீட்டுக்கும் நடுவுல முழங்கால் அளவு தண்ணி ஓடுது, கரண்ட் போயிடுச்சு, அம்மா எங்கள வெளிய விடல. விடிஞ்சப்ப போர்ல பாதி தான் இருந்துச்சு, மீதி கெணத்து மேட்டு வேலியில ஒட்டிக்கிட்டு கெடந்துச்சு.

டிசம்பர் 2 காலை எட்டரை மணி வரைக்கும் 24 மணி நேரத்துல ஊத்தங்கரையில பதிவான மழை 50 சென்டிமீட்டர். பக்கத்துல தருமபுரி மாவட்டம் அரூர்ல 33. எங்க மாவட்டத்துல ஒரு வருசம் முழுக்க பெய்யற மழையில பாதிக்கும் மேல ஒரே நாள்ல வந்துடுச்சு. 50 சென்டிமீட்டர்னு சொன்னா யாருக்கும் கண்ணு முன்னாடி வராது, நான் கணக்கு போட்டு பாத்தேன். ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு லிட்டர் தண்ணி. அப்படின்னா ஒரு ஏக்கர் நெலத்துல அந்த ஒரு நாள்ல விழுந்தது 20 லட்சம் லிட்டர், அதாவது பன்னெண்டாயிரம் லிட்டர் தண்ணி லாரி 168 லோடு. ஒரு ஏக்கருக்கு! ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல திருவண்ணாமலை ரோட்டு ஓரமா நிறுத்தியிருந்த டூரிஸ்ட் வேன், கார் எல்லாத்தையும் ஏரி தண்ணி பொம்மை மாதிரி இழுத்துட்டு போன வீடியோவ எல்லாரும் பாத்திருப்பீங்க. அன்னிக்கு ராத்திரி தென்பெண்ணையில வந்த வெள்ளத்துக்கு கீழ சாத்தனூர் அணையில நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்து விட வேண்டியதா போச்சு.

எங்க கதை அவ்ளோ பெருசு இல்ல. மிச்சம் இருந்த கதிர எடுத்து திண்ணையிலயும் மாட்டு கொட்டாயிலயும் பரப்பி வச்சோம், வெயில் வரவே இல்ல. நாலாம் நாள் அம்மா ஒரு கதிர எடுத்துட்டு வந்து என் கையில வச்சாங்க. கொத்து விரல் மாதிரி இருக்குமில்ல கேவுரு கதிரு, அந்த விரல் இடுக்குல எல்லாம் வெள்ளையா ஊசி ஊசியா முளை விட்டிருக்கு, நுனியில லேசா பச்சை. மோந்து பாத்தா புளிச்ச வாடை. அம்மா ஒரு வார்த்தை பேசல, கதிர கொடுத்துட்டு உள்ள போயிட்டாங்க. "கடந்துடுச்சுப்பா"ன்னு நான் சொன்னது தான் அப்ப காதுல ஓடிட்டே இருந்துச்சு, இன்னிக்கும் ஓடுது.

அடுத்த வாரம் வேலைக்கு போனப்ப கம்பெனியில எங்க லைன்ல இருக்கற ஒரு அண்ணன்கிட்ட இத சொன்னேன். அவருக்கு கடலூர் பக்கம், மீனவ குடும்பம், அவங்க சித்தப்பாங்க எல்லாம் இன்னும் ஃபைபர் போட்டுல தொழிலுக்கு போறாங்க. முழுசா கேட்டுட்டு சொன்னாரு, "தம்பி, கரையை கடந்துடுச்சுன்னா கடல்காரனுக்கு பாதி முடிஞ்சுதுன்னு அர்த்தம். உள்ள இருக்கறவனுக்கு அப்ப தான் ஆரம்பம். அது கடல விட்டு உங்க ஊருக்கு கெளம்பிடுச்சுன்னு தானே சொல்றாங்க?" எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. எத்தனை வருசமா அந்த வார்த்தைய கேட்டிருக்கேன், ஒரு தடவை கூட அப்படி யோசிச்சதில்ல. கடந்துடுச்சுன்னா எந்த பக்கம் கடந்துச்சு? நம்ம பக்கம் தானே.

அன்னில இருந்து அவர்கிட்ட உக்காந்து கடல் வானிலைய படிக்க கத்துக்கிட்டேன். ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ஸுக்கு நிக்கற நேரம், டீக்கடை, இப்படியே ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. இப்ப தினமும் காலையில எங்க மாவட்ட மழை என்னன்னு பாக்கறதுக்கு முன்னாடி மீனவர் எச்சரிக்கைய தான் படிக்கறேன். வானிலை மையம் அறிக்கையில எல்லாருக்கும் தெரியும் அந்த கடைசி பத்தி, "தென்மேற்கு வங்கக்கடல், குமரிக்கடல், மன்னார் வளைகுடா பகுதிகளில் சூறாவளிக்காற்று மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 55 கிலோமீட்டர் வேகத்திலும்"னு வருமே, நாம எல்லாரும் தள்ளிட்டு போற பத்தி. அது தான் எனக்கு முதல் பத்தி. எங்க ஊருக்கு நாளைக்கோ நாளன்னிக்கோ வரப்போறதோட முகவரி அதுல தான் இருக்கு.

அண்ணன் எனக்கு முதல்ல சொல்லிக்கொடுத்தது பேருங்க. காற்றழுத்த தாழ்வு பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல்னு டிவியில மாத்தி மாத்தி சொல்றப்ப எல்லாம் ஒண்ணு தான்னு நெனச்சிட்டிருந்தேன். எல்லாமே காத்து வேகத்த வச்சு வச்ச பேரு. மணிக்கு 31ல இருந்து 49 கிலோமீட்டர் வரைக்கும் சுழண்டா தாழ்வு மண்டலம், 50ல இருந்து 61 வரைக்கும் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 தொட்டா புயல், அப்ப தான் பேரு வைப்பாங்க. வங்காள விரிகுடா, அரபிக்கடல் சுத்தி இருக்கற 13 நாடு கொடுத்த பட்டியல்ல இருந்து வரிசையா எடுக்கறாங்க, ஃபெஞ்சல் சவுதி அரேபியா கொடுத்த பேரு. 89 தாண்டினா தீவிரப் புயல், 118 தாண்டினா அதிதீவிரப் புயல், 222க்கு மேல போனா சூப்பர் புயல், 1999ல ஒடிசாவுல பத்தாயிரம் பேர் கிட்ட செத்தாங்களே அது அந்த வகை. கப்பல்காரங்க அறிக்கையில கிலோமீட்டர் இருக்காது, நாட்னு இருக்கும், ஒரு நாட்னா மணிக்கு 1.852 கிலோமீட்டர், 34 நாட்னு பாத்தா புயல்னு புரிஞ்சிக்கணும்.

இதுல நான் முக்கியமா புரிஞ்சிக்கிட்டது என்னன்னா, இந்த பேரு எல்லாம் காத்துக்கு, மழைக்கு இல்ல. புயல் வலுவிழந்துடுச்சுன்னு சொன்னா காத்து கொறஞ்சிடுச்சுன்னு தான் அர்த்தம். எங்க ஊர்ல 50 சென்டிமீட்டர் ஊத்தினப்ப அதுக்கு புயல்ங்கற பேரே இல்ல. பேரு போனவுடனே நாம பயத்த விட்டுடறோம், நான் விட்ட மாதிரி.

அது ஏன் அப்படின்னு அண்ணன்கிட்ட கேட்டேன், அவரு சொன்னதையும் நானா தேடி படிச்சதையும் சேத்து எழுதறேன். கடல் மேல்தண்ணி 26, 27 டிகிரிக்கு மேல சூடா இருந்தா தான் புயல் உருவாகும், நம்ம வங்கக்கடல் பெரும்பாலும் அதுக்கு மேல தான் இருக்கு. அந்த சூட்டுல தண்ணி ஆவியா மேல போகுது. இட்லி குண்டான் மூடிய தொறக்கறப்ப கையில ஆவி பட்டா சுடுமில்ல, கொதிக்கற தண்ணி பட்டத விட மோசமா இருக்கும், ஏன்னா ஆவி திரும்பவும் தண்ணியா மாறறப்ப உள்ள வச்சிருந்த சூட்ட எல்லாம் கையில எறக்கிடும். வானத்துல நடக்கறதும் அதே தான். ஆவி மேல போயி குளுந்து மேகமா மாறறப்ப அந்த சூடு வெளிய வருது, அது சுத்தி இருக்கற காத்த இன்னும் மேல தூக்குது, கீழ அழுத்தம் கொறையுது, சுத்துப்பட்டுல இருந்து இன்னும் ஈரக்காத்து உள்ள ஓடி வருது. பூமி சுத்தறதால அந்த காத்து நேரா வராம வளைஞ்சு வருது, அது தான் சுழற்சி. பூமத்திய ரேகைக்கு ரொம்ப கிட்ட இந்த வளைக்கிற விசை இல்ல, அதனால அஞ்சு டிகிரிக்குள்ள புயல் உருவாகறது ரொம்ப அபூர்வம், 2001 டிசம்பர்ல சிங்கப்பூர் பக்கத்துல வாமெய்னு ஒண்ணு ஒன்றரை டிகிரியிலயே உருவானது இன்னிக்கும் அதிசயமா பேசற விஷயம்.

இப்ப தரைக்கு வந்தா என்ன ஆகுதுன்னா, அடியில சூடான தண்ணி இல்ல, அடுப்பு அணைஞ்ச மாதிரி, அதனால காத்து வேகம் கொறையுது. ஆனா குண்டான்ல இருக்கற ஆவி எங்க போகும்? அது மேலயே தான் இருக்கு. ஃபெஞ்சல்ல இன்னொண்ணும் நடந்துச்சு, கரையை கடந்தப்புறம் அது பாண்டிச்சேரி பக்கத்துலயே பல மணி நேரம் நகராம நின்னுடுச்சு. பாதி கடல் பக்கமே இருக்கு, அதனால கடல்ல இருந்து ஈரக்காத்து வந்துட்டே இருக்கு. மயிலம் பக்கம் அரை மீட்டர் அளவுக்கு மழை. அப்புறம் மெதுவா, ரொம்ப மெதுவா மேற்க நகந்துச்சு, கிட்டத்தட்ட பாண்டி பஸ் எங்க ஊருக்கு வர்ற அதே வழியில. வேகமா போற புயல் மழைய பல ஊருக்கு பங்கு போட்டுட்டு போயிடும். மெதுவா போறது ஒரே எடத்துல மொத்தத்தையும் கொட்டும். எங்களுக்கு இந்த பக்கம் ஜவ்வாது மலை, அந்த பக்கம் சித்தேரி, கல்வராயன், ஈரக்காத்து மலையில மோதி மேல ஏறினா மழை இன்னும் கூடும்.

அதனால இப்ப அறிக்கையில நான் காத்து வேகத்த விட முதல்ல தேடறது எவ்ளோ வேகத்துல நகருதுங்கறது தான். "மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்து"ன்னு இருந்தா ஒரு மாதிரி, "மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில்"னோ "கிட்டத்தட்ட அதே இடத்தில் நிலைகொண்டுள்ளது"ன்னோ இருந்தா எனக்கு வயித்துல புளிய கரைக்கும்.

ஃபெஞ்சல் கணிப்பு மாறிக்கிட்டே இருந்தது பத்தி நெறைய பேர் திட்டினாங்க, ஊர்ல டீக்கடையில இன்னிக்கும் திட்டறாங்க. புயல் ஆகும்னாங்க, ஆகாது தாழ்வு மண்டலமாவே கடக்கும்னாங்க, நவம்பர் 29ஆம் தேதி மத்தியானம் புயல் ஆயிடுச்சுன்னாங்க. எனக்கு இப்ப அந்த கோவம் இல்ல. கடல் நடுவுல என்ன நடக்குதுன்னு எப்படி தெரிஞ்சிக்கறாங்கன்னு பாத்தா தான் அதோட கஷ்டம் புரியும். தரையில ஊருக்கு ஊரு மழைமானி இருக்கு, கடல்ல யாரு இருக்கா? மேல இன்சாட் 3டிஆர், 2024 பிப்ரவரியில விட்ட 3டிஎஸ்னு செயற்கைக்கோளுங்க படம் எடுத்து அனுப்புது. சென்னை பள்ளிக்கரணையில இருக்கற தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் ஆழ்கடல்ல நங்கூரம் போட்டு மிதவைங்கள நிறுத்தி வச்சிருக்கு, அது காத்து, அழுத்தம், தண்ணி சூடு, அலைன்னு அளந்து செயற்கைக்கோள் வழியா அனுப்பிட்டே இருக்கும். போற வர்ற கப்பல்ல இருந்தும் அளவு எடுத்து அனுப்பறாங்க. கரைக்கு கிட்ட வந்தா சென்னை, காரைக்கால் ரேடார். அவ்ளோ பெரிய கடலுக்கு இது எல்லாம் சேந்தாலும் கொஞ்சம் தான். அதனால தான் வரைபடத்துல புயல் போற பாதைய ஒரு கோடா போடாம விசிறி மாதிரி விரியற ஒரு கூம்பா போடறாங்க. நாம அந்த நடுக்கோட்ட மட்டும் பாத்துட்டு "நம்ம ஊர் மேல வரல"ன்னு நிம்மதி ஆயிடறோம். கூம்பு முழுக்க தான் கணிப்பு. அதுவும் கூம்பு சொல்றது நடுப்புள்ளி எங்க போகும்ங்கறத மட்டும் தான், மழை அதுக்கு வெளிய எவ்ளோ தூரம் வேணா பெய்யும்.

அலை கணக்கும் கத்துக்கிட்டேன், எங்க ஊருக்கும் அலைக்கும் சம்பந்தம் இல்லன்னு தோணும், இருக்கு, சொல்றேன். அலை உயரம் 3 மீட்டர்னு அறிக்கையில போட்டா எல்லா அலையும் 3 மீட்டர் இல்ல. வர்ற அலைங்கள்ல பெரிய மூணுல ஒரு பங்க எடுத்து அதோட சராசரிய தான் போடறாங்க, தனியா ஒரு அலை அதப்போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கூட வரலாம். இரண்டரை மீட்டர்ல இருந்து 4 மீட்டர் வரைக்கும் ரஃப், அதாவது கொந்தளிப்பு, 4ல இருந்து 6 வரைக்கும் வெரி ரஃப். 4 மீட்டர்னா பதிமூணு அடி, எங்க வீட்டு மாடி கைப்பிடி சுவர் வரைக்கும் வரும். முப்பது அடி ஃபைபர் போட்டுல நாலு பேரு அதுக்குள்ள எப்படி நிப்பாங்கன்னு நெனச்சு பாருங்க. காத்து எவ்ளோ வேகம், எவ்ளோ நேரம், எவ்ளோ தூரத்துக்கு தடையில்லாம வீசுதுன்னு மூணையும் வச்சு தான் அலை வளரும். எங்க பாம்பாறு அணையில எவ்ளோ காத்தடிச்சாலும் சின்ன அலை தானே, ஏன்னா ஓடறதுக்கு தூரம் இல்ல.

இன்னொரு வகை அலை இருக்கு, காத்தே இல்லாம வரும். தெக்க, ரொம்ப தெக்க, அன்டார்டிகா பக்கத்து கடல்ல பெரிய புயலடிச்சா அங்க கெளம்பற அலை நாள் கணக்குல இந்து மகாசமுத்திரம் முழுக்க பயணம் பண்ணி கேரளா, கன்னியாகுமரி கரையில வந்து ஏறும். இங்க வானம் தெளிவா இருக்கும், வெயில் அடிக்கும், திடீர்னு கடல் பொங்கும். மலையாளத்துல கள்ளக்கடல்னு பேரு, திருடன் மாதிரி வர்றதால. 2024 மே 6ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில மருத்துவ மாணவங்க அஞ்சு பேர அந்த அலை தான் இழுத்துட்டு போச்சு, எச்சரிக்கை அப்ப இருந்துச்சு. ஐதராபாத்துல இருக்கற இன்காய்ஸ், கடல் தகவல் மையம், இந்த எச்சரிக்கைய முன்கூட்டியே போடறாங்க. நான் இத ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, எங்க தருமபுரி கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து வேன் வேனா போறாங்க, சபரிமலைக்கு மாலை போட்டவங்க திரும்பற வழியில கன்னியாகுமரி, திருச்செந்தூர், அப்புறம் வேளாங்கண்ணி. எங்க ஆளுங்களுக்கு ஏரி தெரியும், கெணறு தெரியும், நல்லா நீச்சல் கூட தெரியும், கடல் தெரியாது. வானம் தெளிவா இருக்கேன்னு எறங்கிடுவாங்க. வேன் புக் பண்ணுறப்பவே ஒருத்தர் அந்த எச்சரிக்கைய பாத்துட்டா போதும்.

துறைமுகத்துல புயல் எச்சரிக்கை கூண்டு ஏத்தறது பத்தி ஒரு வார்த்தை. "பாம்பன்ல ரெண்டாம் நம்பர் கூண்டு"ன்னு சொன்னா எங்க ஊர்ல பெரியவங்க உச் கொட்டுவாங்க, எனக்கு என்னன்னு தெரியாது. 1, 2 தூரத்துல புயல் இருக்குன்னு அர்த்தம், 3, 4 இந்த துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம்னு, 5, 6, 7 அபாயம், 8, 9, 10 பெரிய அபாயம். பதினொண்ணுன்னு ஒண்ணு இருக்கு, வானிலை மையத்தோட தொடர்பே அறுந்துடுச்சுன்னு அர்த்தம். அண்ணன் அத சொல்றப்ப குரல் மாறிடுச்சு.

ஏன்னா தொடர்பு அறுந்தா என்ன ஆகும்னு அவங்களுக்கு தெரியும். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். கன்னியாகுமரிக்கு பக்கத்துலயே ரொம்ப வேகமா புயலா மாறிடுச்சு. கரையில இருந்தவங்களுக்கு சேதி வந்துச்சு, ஆனா பத்து நாள் பதினஞ்சு நாள்னு ஆழ்கடலுக்கு போனவங்க அதுக்கு முன்னாடியே போயிட்டாங்க, அங்க ஃபோனும் எடுக்காது, வயர்லெஸ்ஸும் எட்டாது. எத்தனையோ பேர் திரும்பவே இல்ல. அதுக்கப்புறம் தான் 2019ல ஜெமினின்னு ஒரு கருவி வந்துச்சு, கரையில இருந்து செயற்கைக்கோள் வழியா எச்சரிக்கைய படகுல இருக்கற ஆளோட ஃபோனுக்கே கொண்டு வந்து காட்டற மாதிரி. அந்த எச்சரிக்கைக்காக அவங்க உயிர கொடுத்திருக்காங்க. நான் அன்னிக்கு ஞாயித்துக்கிழமை கையில நெட்டோட ஃபோன வச்சுட்டு அறிக்கைய ஒரு தடவை கூட கடைசி வரைக்கும் படிக்கல.

வங்கக்கடல் மட்டும் இல்ல, எங்க தருமபுரி கிருஷ்ணகிரி பக்கத்துக்கு மூணு கடல் இருக்குன்னு இப்ப நான் சொல்லுவேன். ஒகேனக்கல்ல பரிசல் ஓட்டறவங்க பிழைப்பு அரபிக்கடல் கையில இருக்கு. ஜூன், ஜூலையில கேரளா கர்நாடகா கரையோரம் காத்து பலமா அடிச்சா வயநாட்டுலயும் குடகுலயும் மழை, கபினி, கிருஷ்ணராஜ சாகர் நெறைஞ்சு தண்ணி திறந்தா, காவிரி தமிழ்நாட்டுக்குள்ள நுழையற பிலிகுண்டுலுல அளவு ஏறும், அடுத்தது ஒகேனக்கல்ல குளிக்க தடை, பரிசலுக்கு தடை. 2024 ஜூலை கடைசியில ஒரு லட்சம் கன அடிய தாண்டிடுச்சு. அதுக்கு முந்தின வருசம் நேர் எதிர். பசிபிக் கடல்ல எல் நினோ, அங்க தண்ணி சூடாகி காத்து பாதையே மாறி இந்தியாவுக்கு தென்மேற்கு பருவமழை சராசரியில 94 சதவீதம் தான், கர்நாடகாவுல வறட்சி, பாறை எல்லாம் வெளிய தெரிஞ்சுது ஒகேனக்கல்ல. பெரு நாட்டு பக்கத்துல கடல் சூடானா பென்னாகரத்துக்காரர் பரிசல் கரையில கவுந்து கெடக்கும். இத முதல் தடவை புரிஞ்சிக்கிட்ட அன்னிக்கு எனக்கு ரொம்ப நேரம் தூக்கம் வரல.

அண்ணன்கிட்ட ஒரு நாள் கேட்டேன், "இவ்ளோ மெஷின் இல்லாத காலத்துல உங்க தாத்தாங்க எப்படிணா பாத்தாங்க?" காத்துக்கே அவங்ககிட்ட தனித்தனி பேரு இருக்குன்னாரு, வாடை, கொண்டல், கச்சான். கச்சான்னா மேக்காத்து, தரையில இருந்து கடலுக்கு தள்ளும். ஒவ்வொரு காத்துக்கும் எந்த மீன் வரும், எப்ப போகக்கூடாதுன்னு ஒரு கணக்கு. காத்து திடீர்னு மாறி, வானம் செவந்து, கடல் அடியில இருந்து கலங்கினா வலைய அறுத்து விட்டுட்டாவது திரும்பிடுவாங்களாம். "இப்பவும் சித்தப்பா ஃபோன்ல அறிக்கைய பாத்துட்டு வாசல்ல வந்து நின்னு காத்த பாப்பாரு தம்பி, ரெண்டும் ஒத்துப்போனா தான் போட்ட தள்ளுவாரு"ன்னாரு. எங்க அப்பாவும் அப்படி தான், எறும்பு முட்டைய தூக்கிட்டு ஏறுதா, தும்பி தாழ பறக்குதான்னு பாப்பாரு. அந்த ஞாயித்துக்கிழமை கூட தார்ப்பாய எடுக்கறதுக்கு முன்னாடி கிழக்க ரொம்ப நேரம் பாத்துட்டு நின்னாரு. கருக்கலா தான் இருந்துச்சு. நான் சொன்னதால எடுத்தாரு.

எங்க மாவட்டத்துக்காரங்களுக்கு நான் கேட்டுக்கறது இது தான். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வங்கக்கடல்ல எதாவது உருவாகி மேற்கு வடமேற்கா வருதுன்னு பாத்தா, அது கரையில இருந்து கெளம்பி உள்ள எந்த பக்கம் போகுது, எவ்ளோ மெதுவா போகுது, எங்க போயி முடியுதுன்னு கடைசி வரைக்கும் பாருங்க. ராகி அடிக்கிறதா இருந்தாலும் சரி, மாட்ட ஓடை ஓரம் கட்டறதா இருந்தாலும் சரி, வேன ஏரிக்கரை ரோட்டுல நிறுத்தறதா இருந்தாலும் சரி. ஃபெஞ்சல் மிச்சம் டிசம்பர் 3ஆம் தேதி கர்நாடகா கேரளா கரையோரமா அரபிக்கடல்ல போயி எறங்கிடுச்சு, கரையை கடந்து மூணாம் நாள். எங்களுக்கு அன்னிக்கு தான் கடந்துச்சு.

போன வருசம் கேவுரு அறுத்து போர் போட்டப்ப கடல்ல ஒரு தாழ்வு மண்டலம் இருந்துச்சு. நான் ஓசூர்ல இருந்தேன், அப்பா ஃபோன் பண்ணாரு. டிவியில கரையை கடந்துடுச்சுன்னு போட்டுட்டாங்களாம், பக்கத்து களத்துல எல்லாம் தார்ப்பாய எடுத்துட்டாங்களாம். "அது அந்தப்பக்கம் அரபிக்கடல்ல எறங்கிடுச்சாடா?"ன்னு கேட்டாரு. இன்னும் இல்லப்பா, சேலம் பக்கம் தான் இருக்குன்னு சொன்னேன். சரின்னு வச்சுட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு திரும்ப அவரே கூப்பிட்டு கேட்டு, எறங்கிடுச்சுன்னு நான் சொன்னப்புறம் தான் கயித்த அவுத்தாரு.